ஓடி வந்தவர்களுக்கும் உரிமை உண்டு!

"ஊரை விட்டுப் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. இனி உனக்கு இங்கே உரிமை இல்லை!"

இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? இலங்கை மலையகத் தமிழர் பலருக்கு இந்த நிலைதான் ஏற்பட்டது.

தமிழ்நாட்டில் இருந்து தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனவர்களின் பரம்பரை இவர்கள். 1948-ம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது.

பங்கு பிரித்தார்கள்

1964 அக்டோபர் 30-ந் தேதி சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஒப்பந்தம் செய்தார்கள். 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும், 3 லட்சம் பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவு ஆயிற்று. மீதி 1½ லட்சம் பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொண்டார்கள்.

ஆனால் எல்லாருக்கும் குடியுரிமை கிடைத்து விடவில்லை. 1983-ல் கலவரம் மூண்டது. பலர் தமிழ்நாட்டு முகாம்களுக்கு ஓடி வந்தார்கள்.

சட்டம் திருந்தியது

2003-ல் இலங்கை ஒரு சட்டம் செய்தது. ஒப்பந்த நாள் முதல் இலங்கையில் நிலையாகக் குடியிருந்தவர்களும், அவர்கள் வாரிசுகளும் குடிமக்கள் என்றது. அங்கேதான் சிக்கல்! முகாமில் இருப்பவர், "இலங்கையிலேயே குடியிருந்தேன்" என்று எப்படிச் சொல்வார்?

உயிருக்குப் பயந்து ஓடியது குற்றமா? இல்லை. 2009-ல் சட்டம் திருத்தப்பட்டது. கட்டாயத்தால் இந்தியாவுக்கு வந்தவர்களுக்கும் வழி பிறந்தது.

ஆனாலும் பழைய குடியிருப்புக்கு ஆதாரம் வேண்டுமே! ஓடி வந்தவர் மடியில் காகிதமா இருக்கும்?

வெளிநாட்டில் பிழைக்கும் குடும்பங்களுக்கும் இது ஒரு பாடம். பழைய காகிதம்தானே என்று எதையும் அடுப்பில் போட்டு விடாதீர்கள். நாளைக்குப் பேரனுக்கு அதுதான் சாட்சி சொல்லும்!