விதை நூலகம்: '2 கிலோ வாங்கினால் 4 கிலோ திருப்பிக் கொடு' கணக்கு மொட்டை மாடியில் எடுபடுமா?

திருச்சி எடமலைப்பட்டி புதூர் போன்ற ஏரியாக்களில் வீட்டுத் தோட்டம் என்றால் பெரும்பாலும் மொட்டை மாடிதான். பத்து குரோ பேக், கொஞ்சம் தேங்காய் நார்க்கழிவு, கடையில் வாங்கிய விதை பாக்கெட். காய்ப்பு முடிந்ததும் செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அடுத்த பட்டத்துக்கு மறுபடியும் பாக்கெட் வாங்கப் போக வேண்டும். இந்தச் சுற்றை மாற்றும் யோசனைதான் விதை நூலகம்.

புத்தகம் எடுப்பது போல விதையை எடுக்கலாம். விதைத்து, சாப்பிட்டது போக ஒன்றிரண்டு செடிகளை விதைக்கென்று விட்டு, அந்த விதையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கேட்க ஈஸியா இருக்கும். ஆனால், சிக்கலே அந்தத் திருப்பிக் கொடுப்பதில்தான் இருக்கிறது.

விதை வங்கியும் இதுவும் ஒன்றா?

இல்லை. வங்கி என்பது விதையைக் குளிர்ச்சியான, ஈரமில்லாத அறையில் பல ஆண்டுகள் பாதுகாக்கும் இடம். நூலகத்தில் விதை சும்மா இருக்காது. ஒவ்வொரு பட்டத்திலும் மண்ணுக்குப் போய்த் திரும்பும்; அந்த ஊரின் வெயிலுக்கும் தண்ணீருக்கும் தாக்குப்பிடித்த செடியின் விதையே அடுத்தவர் கைக்குப் போகும்.

தமிழ்நாட்டுக்கு இது புதுசா?

பெயர்தான் புதுசு. 2003-ல் நம்மாழ்வார் தலைமையில் பூம்புகாரிலிருந்து கல்லணை வரை ஒரு நடைபயணம் நடந்தது. அதில் விவசாயிகளிடமிருந்து கிடைத்த பாரம்பரிய நெல் ரகங்களிலிருந்து தேடலைத் தொடங்கியவர் ஜெயராமன். பின்னாளில் 'நெல்' ஜெயராமன் என்றே அறியப்பட்ட அவர், திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தினார். அங்கு ஒரே விதி: 2 கிலோ விதை இலவசம், அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். 2018 டிசம்பரில் அவர் மறைந்தபோது சுமார் 170 ரகங்கள் மீட்கப்பட்டிருந்தன. 2021-ல் தமிழக அரசின் முதல் வேளாண் பட்ஜெட்டில், மரபு நெல் பாதுகாப்புக்கான இயக்கம் அவர் பெயரிலேயே அறிவிக்கப்பட்டது.

நெல்லில் எடுபட்டது காய்கறியில் ஏன் சுலபமில்லை?

மூன்று காரணங்கள்:

• மகரந்தம். நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும். கொடுத்த ரகமே திரும்பி வரும். பரங்கி, சுரை, பீர்க்கு, பாகல் அப்படியல்ல. பக்கத்து மாடியில் வேறு ரகப் பரங்கி இருந்தால், தேனீ இரண்டையும் கலந்துவிடும். இந்த வருடக் காய் சரியாகவே இருக்கும். கலப்பு தெரிவது அடுத்த தலைமுறையில்தான்.

• சாப்பாடு. நெல்லில் விளைச்சலே விதை. வெண்டையில் சமையலுக்குப் பிஞ்சு வேண்டும், விதைக்கு நார் ஏறிக் காய்ந்த முற்றல் வேண்டும். காயை விதைக்கு விட்டால், செடி புதுக்காய் வைப்பதும் குறையும். பத்து பையில் தோட்டம் போடுபவருக்கு இது நிஜமான இழப்பு.

• அனுபவம். விவசாயிக்கு விதைநெல் எடுப்பது பழகிய வேலை. மாடித் தோட்டக்காரர் பலருக்கு அது முதல் முயற்சி.

அப்படியானால் பயிற்சி வகுப்பில் எதைச் சொல்லித்தர வேண்டும்?

மண் கலவை, பஞ்சகவ்யா எல்லாம் வழக்கமாகச் சொல்லித்தருவதுதான். நூலகம் நிலைக்க வேண்டுமென்றால் விதை எடுப்பதையும் சொல்லித்தர வேண்டும்.

• பாக்கெட்டில் 'எஃப்-1' என்று இருந்தால் அது வீரிய ஒட்டு ரகம். அதன் விதையில் முளைப்பவை தாய்ச்செடி மாதிரியே இருக்காது. நூலகத்துக்கு நாட்டு ரகமோ, வீரிய ஒட்டு அல்லாத ரகமோதான் சரி.

• ஆரம்பிப்பவர்களுக்குத் தக்காளி, அவரை, தட்டைப்பயறு நல்லது. இவற்றில் கலப்பு குறைவு.

• பரங்கிக்கு: மறுநாள் மலரவிருக்கும் ஆண், பெண் மொட்டுகளை முதல்நாள் மாலையே நூலால் கட்டிவிட வேண்டும். காலையில் பிரித்து, ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவில் தடவி, பெண் பூவை மறுபடி கட்டி அடையாளம் வைக்க வேண்டும். அந்தக் காயின் விதை மட்டும் நூலகத்துக்கு.

• தக்காளி விதையைச் சாறோடு ஓரிரு நாள் புளிக்கவிட்டு, அலசி, நிழலில் உலர்த்த வேண்டும்.

• கொடுக்கும் முன் 10 விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பார்க்கலாம். பாதிகூட முளைக்கவில்லை என்றால் அதைக் கொடுக்கக் கூடாது.

இன்னொரு விஷயம், காலம். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது விளைச்சலுக்குச் சரி. ஆனால் ஆடியில் போட்டது விதையாக முற்றும்போது ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும், உலர்த்துவது பெரும்பாடு. தையில் போட்ட வெண்டையும் அவரையும் பங்குனி, சித்திரை வெயிலில் சுலபமாகக் காயும். அதனால் விதை எடுக்கப் பழகுபவர்களுக்குத் தைப்பட்டமே தோது. வகுப்பும் இரண்டு வேண்டும்: விதைக்கும்போது ஒன்று, விதை எடுக்கும்போது ஒன்று.

விதையைப் பகிர்வது சட்டப்படி சரியா?

2001-ம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் 39-வது பிரிவு, விதையைச் சேமிக்க, மறுபடி விதைக்க, பரிமாற, பகிர, விற்கக்கூட விவசாயிக்கு உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையை பிராண்ட் பெயரில் விற்கக் கூடாது, அவ்வளவுதான்.

1966-ம் ஆண்டு விதைச் சட்டத்துக்குப் பதிலாக, மத்திய அரசு 2025 நவம்பரில் புதிய விதை மசோதாவின் வரைவை வெளியிட்டு, டிசம்பர் 11 வரை கருத்து கேட்டது. அதிலும் விவசாயிக்கு இந்த விலக்கு உண்டு. விதைப் பாதுகாப்பு அமைப்புகளின் கவலை வேறு: தனி விவசாயிக்கு உள்ள விலக்கு, கூட்டாகச் சேர்ந்து விதை காப்பவர்களுக்கும் கிடைக்குமா? விதை நூலகம் என்பதே ஒரு கூட்டு முயற்சி என்பதால் இது முக்கியமான கேள்வி.

இது வீண் பயமும் அல்ல. 2014-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு பொது நூலகத்தின் விதைப் பகிர்வை, விதை விற்பனைக்கான விதிகளைக் காட்டி அந்த மாநில வேளாண் துறை கட்டுப்படுத்தியது. 2016-ல் துறை தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது. கலிஃபோர்னியா அதே ஆண்டு விதைப் பகிர்வுக்குச் சட்டத்திலேயே விலக்கு கொடுத்தது.

நம்ம ஏரியாவில் தொடங்க என்ன வேண்டும்?

கட்டடம் தேவையில்லை. காற்றுப் புகாத டப்பாக்கள், ஒரு நோட்டு, பத்து வீடுகள் போதும். ஒவ்வொரு டப்பாவிலும் ரகம், எடுத்த மாதம், யார் வீட்டு மாடி என்பதை எழுத வேண்டும். ஒரு தெருவுக்கு ஒரே பரங்கி ரகம் என்று பேசி வைத்துக்கொண்டால் கலப்பும் குறையும். சந்தேகம் கேட்க, திருச்சியைச் சுற்றியே நவலூர் குட்டப்பட்டு வேளாண் கல்லூரியும் சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன.

முதல் பட்டத்தில் பத்துப் பேர் வாங்கி, மூன்று பேர் திருப்பிக் கொடுத்தால்கூடப் பயமில்லை. ஒரே ஒரு வெண்டைக்காயில் ஐம்பது விதையாவது இருக்கும். அந்த ஒரு காயைப் பறிக்காமல் விட எத்தனை வீடுகள் தயார் என்பதைப் பொறுத்துத்தான் நூலகம் நிற்கும்.