சோபாவும் சொல்லும்: ஆளில்லா வீட்டில் நாய்க்கு விதி சொல்வது யார்?

நாம் வீட்டில் இருக்கும்வரை சோபாவின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காத நாய், நாம் கதவைப் பூட்டிக்கொண்டு துறைக்குக் கிளம்பிய சற்று நேரத்தில் அதன் மேல் ஏறிச் சுருண்டுகொள்கிறது. மாலையில் திரும்பும்போது மெத்தையில் முடியும், காலடித் தடமும், இன்னும் ஆறாத சூடும் இருக்கின்றன. "செய்யக் கூடாது என்று அதற்குத் தெரியும், தெரிந்தேதான் செய்கிறது" என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். வாடகை வீட்டில் நாய் வளர்க்கும் ஆய்வு மாணவர்களிடமிருந்து இந்தப் புகாரை நான் அடிக்கடி கேட்கிறேன். சோபா வீட்டு உரிமையாளருடையது. அது கிழிந்தால் முன்பணத்தில் கை வைப்பார். ஆகவே இது சிரித்துவிட்டுப் போகும் விஷயமும் அன்று. ஆயினும், அந்த விளக்கம் தவறு என்பதே என் வாதம். இங்கே தோற்பது நாயின் ஒழுக்கம் அன்று, நம் சொல். அது தோற்பதற்கான காரணம் மொழியின் இயல்பிலேயே இருக்கிறது.

சார்லஸ் ஹாக்கெட் 1960இல் எழுதிய கட்டுரையில் மனித மொழியின் வடிவக் கூறுகளாகப் 13 பண்புகளைப் பட்டியலிட்டார். அவற்றுள் ஒன்றை நாம் 'இடம் கடத்தல்' எனலாம். இங்கு இல்லாததைப் பற்றி, இப்போது நிகழாததைப் பற்றிப் பேச இயலுதல் என்பது அதன் பொருள். 'நான் இல்லாதபோது சோபாவில் ஏறாதே' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு காலக் குறிப்பு இருக்கிறது. ஒரு நிபந்தனை இருக்கிறது. சொல்பவர் அங்கிருக்க மாட்டார் என்ற அறிவிப்பும் இருக்கிறது. மூன்றும் இடம் கடந்தவை. மூன்று வயதுக் குழந்தை இதைப் புரிந்துகொண்டே மீறும். நாய்க்கோ இந்த வாக்கியம் சொல்லப்படவே முடியாது. நாம் அதற்குச் சொல்ல முடிந்தது ஒன்றுதான்: இந்த நொடியில், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கீழே இறங்கு. நாய் அதைச் சரியாகவே கற்றுக்கொண்டுவிட்டது. நாம் கற்பித்ததாக எண்ணிக்கொள்ளும் பாடமும் அது கற்ற பாடமும் வேறுவேறு என்பதே சிக்கல்.

இதற்கு ஆய்வுச் சான்று உண்டு. லைப்சிக் நகரின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் யோசெப் கால், யூலியானே கமின்ஸ்கி, மைக்கேல் டொமசெல்லோ ஆகியோர் அடங்கிய குழு 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. உணவைத் தரையில் வைத்து நாயைத் தொடக் கூடாது எனத் தடுத்தார்கள். தடுத்தவர் பார்த்துக்கொண்டிருந்தபோது நாய்கள் தயங்கின. அவர் அறையை விட்டு வெளியேறியபோதும், முதுகைத் திருப்பியபோதும், கண்ணை மூடியபோதும் கூடுதலாக எடுத்துத் தின்றன. 2013இல் கமின்ஸ்கியும் உடனாய்வாளர்களும் செய்த ஆய்வில், உணவிருக்கும் இடம் இருட்டாக இருந்தால் நாய்கள் அதை எடுக்கும் வாய்ப்பு அதிகம் என்பது தெரிந்தது. ஆக, நாயைப் பொறுத்தவரை தடை என்பது சோபாவில் ஒட்டிய பண்பு அன்று. நம் பார்வையில் ஒட்டியது. பார்வை விலகும்போது தடையும் விலகுகிறது. இதைத் 'திருட்டு' என்று சொல்ல வேண்டுமானால், விதி தொடர்ந்து நடப்பில் உள்ளது என்று நாய் நம்பியிருக்க வேண்டும். அந்த நம்பிக்கையை அதற்கு ஊட்ட நம்மிடம் மொழி இல்லை.

தமிழ் பேசும் வீடுகளுக்கு இதில் கூடுதலாக ஒரு வேடிக்கை உண்டு. 'ஏறு', 'ஏறாதே' என்னும் இரண்டும் ஒரே வேரில் தொடங்குகின்றன. எதிர்மறை நடுவில் வரும் இடைநிலையில் ஒளிந்திருக்கிறது. நாய் பகுதி விகுதி பிரித்துப் பொருள் கொள்வதில்லை; ஒலித்தொடர் முழுவதையும் ஒரே குறியாகக் கொள்கிறது. சேசர் என்ற பெண் நாய்க்கு 1,022 பொம்மைகளின் பெயர் தெரிந்திருந்ததாக 2011இல் பதிவாகியிருக்கிறது. பெயரறிவு அந்த அளவுக்குப் போகக்கூடும். ஆனால் 'செய்யாமலிரு' என்பதற்குச் சுட்டிக்காட்டப் பொருள் எதுவும் இல்லை. எனவே தடைச்சொல்லைவிட ஏவற்சொல்லே நாய்க்கு ஏற்றது: 'ஏறாதே' அன்று, 'இறங்கு', அதைவிடவும், அது போய்ப் படுக்க வேண்டிய இடத்தின் பெயர். அந்தப் பெயராகப் 'பாய்' என்பதைத் தேர்ந்தெடுக்கும்முன் தமிழர்கள் ஒருமுறை யோசிக்கலாம். நாயிடம் அதைச் சொல்லிக் கேட்கும் விருந்தினர் ஒதுங்கி நிற்கக்கூடும். நம் வீடுகளில் நாயிடம் மட்டும் ஆங்கிலத்தில் பேசும் வழக்கம் இருப்பது தனியே எழுத வேண்டிய பொருள். நாய்க்கு அதில் விருப்பு வெறுப்பு இல்லை. வீட்டில் உள்ள எல்லாரும் ஒரே சொல்லை ஒரே பொருளில் சொன்னால் போதும்.

"அப்படியென்றால் நான் வந்ததும் ஏன் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்குகிறது? குற்ற உணர்வு இல்லாமலா?" என்று கேட்பவர்களுக்கு 2009இல் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் வெளியிட்ட ஆய்வைச் சுட்ட விரும்புகிறேன். 14 நாய்களை வைத்துச் செய்த அந்தச் சோதனையில், வளர்ப்பவர் தடுத்துவிட்டு வெளியே போன பின் நாய் உணவைத் தின்றதா இல்லையா என்பது பற்றி அவருக்குச் சில வேளை உண்மையும் சில வேளை பொய்யும் சொல்லப்பட்டது. 'குற்ற முகம்' நாய் செய்த செயலைப் பொறுத்து மாறவில்லை. வளர்ப்பவர் திட்டினாரா என்பதைப் பொறுத்தே மாறியது. தின்னாமலேயே திட்டு வாங்கிய நாய்கள்தாம் அந்த முகத்தை மிக அழுத்தமாகக் காட்டின. நாம் ஒப்புதல் வாக்குமூலமாகப் படிப்பது உண்மையில் நம் கோபத்தின் எதிரொலி. ஆகையால், நாலு மணி நேரத்துக்கு முன் நடந்ததற்கு இப்போது தரும் தண்டனை நாய்க்குச் சோபாவைப் பற்றி எதையும் சொல்வதில்லை. கதவு திறப்பது அஞ்சத்தக்க நிகழ்வு என்பதை மட்டுமே சொல்கிறது.

இக்காலத்தில் ஒலிபெருக்கி பொருத்திய கேமராவை வீட்டில் வைத்து, வகுப்பறையிலிருந்து கைப்பேசி வழியே "கீழே இறங்கு!" என்று அதட்டும் முறை பரவிவருகிறது. இல்லாதவரின் சொல்லை இருப்பவரின் சொல்லாக்கும் முயற்சி இது. உடலில்லாக் குரல் சில நாய்களைக் குழப்புகிறது. சில நாய்கள் குரல் வரும் திசையில் ஆளைத் தேடி அலைகின்றன. மற்றவை, குரல் வந்தும் ஆள் வருவதில்லை என்பதைச் சில நாள்களில் கண்டுகொண்டு அங்கேயே கண்ணயர்கின்றன. நாய் பதற்றத்தில் குரைக்கிறதா, அமைதியாக உறங்குகிறதா என்று பார்ப்பதற்குக் கேமரா மிகப் பயனுள்ளது. அதட்டுவதற்கு அன்று.

இந்தத் தவறான விளக்கத்துக்கு விலை கொடுப்பது நாய். 'சொன்னால் கேட்பதில்லை' என்று முடிவுகட்டியபின் பலர் கையாளும் தீர்வு பால்கனியும் சங்கிலியும். தில்லியிலோ நாக்பூரிலோ மே மாத நண்பகலில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும். நாய் நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை; பெரும்பாலும் மூச்சிரைத்தே வெப்பத்தை வெளியேற்றுகிறது. சிமென்ட் தரையும் தகரக் கூரையும் உள்ள பால்கனியில் எட்டு மணி நேரம் கட்டப்படுவது, சோபாவில் படுத்த செயலுக்கு எந்த அளவுகோலிலும் ஈடாகாது. 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் விலங்கை நியாயமற்ற நேரம் கட்டிவைப்பதையும், வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கும் நாய்க்குப் போதிய நடமாட்டம் தராததையும் வதையாகவே வகைப்படுத்துகிறது. முதல் குற்றத்துக்கு அச்சட்டம் விதித்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. தொகையின் சிறுமையைக் கொண்டு செயலின் கொடுமையை அளக்க வேண்டாம்.

அப்படியானால் செய்யத்தக்கது என்ன? சொல்ல முடியாததை இடத்தின் அமைப்பால் செய்ய வேண்டும். சோபா இருக்கும் அறையின் கதவைச் சாத்துவது எல்லாவற்றிலும் எளியது. கதவில்லாக் கூடமாயின் குழந்தைகளுக்கான தடுப்புக் கதவு உதவும். அதுவும் இயலாதபோது மெத்தை மேல் நாற்காலிகளைக் கவிழ்த்து வைக்கலாம். ஆனால் அடைப்பது பாதி வேலை. நாய் ஏன் சோபாவைத் தேடுகிறது என்று கேட்பது மறுபாதி. அது மென்மையானது, உயரமானது, பல வீடுகளில் சன்னலை ஒட்டியது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதில் நம் வாசனை இருக்கிறது. கிரெகரி பெர்ன்ஸ் குழுவினர் 2015இல் வெளியிட்ட மூளைப்படிம ஆய்வில், நாயின் மூளையில் நற்பேறை எதிர்பார்க்கும் பகுதி, முன்வைக்கப்பட்ட பல வாசனைகளுள் பழகிய மனிதரின் வாசனைக்கே மிக வலுவாக இயங்கியது. தனித்திருக்கும் நாய் நம் இருக்கையில் படுப்பதை அந்த ஆய்வின் வெளிச்சத்தில் படித்துப் பாருங்கள். சன்னலருகே அதற்கென ஒரு தடித்த படுக்கை, அதன் மேல் நாம் உடுத்திய பழைய சட்டை, கிளம்புமுன் அரைமணி நேர நடை, மென்று பொழுதுபோக்க ஏதேனும் ஒன்று: இவை 'ஏறாதே' என்பதைவிடத் தெளிவான வாக்கியங்கள். மின்னதிர்ச்சி தரும் விரிப்புகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணம் புரியாத வலி, தனிமையோடு இணைந்து தங்கிவிடக்கூடும்.

ஒரு மறுப்பை எதிர்கொண்டாக வேண்டும். "எங்கள் நாய் நாங்கள் இல்லாதபோதும் ஏறுவதில்லையே" என்பவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. குட்டியிலிருந்து ஒருமுறையும் சோபாவின் சுகத்தை அறியாத நாய்க்கு அது சுவரைப்போல ஓர் அறைகலன் மட்டுமே. தன் படுக்கையில் படுத்ததற்குப் பலன் பெற்றுப் பழகி, நாம் ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், அரைமணி என்று சிறிது சிறிதாக விலகிப் பழக்கிய நாயும் அங்கேயே படுத்திருக்கும். இவை என் வாதத்தை மறுக்கவில்லை. அந்த நாய்கள் விதியைக் கடைப்பிடிக்கவில்லை, வழக்கத்தில் வாழ்கின்றன. அவ்வழக்கத்தைக் கெடுக்க நம் நிலையின்மை ஒன்றே போதும். ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்கும்போது மடியருகே ஏற்றிக்கொண்டு, திங்களன்று விரட்டினால், எப்போதாவது கிடைக்கும் பரிசே நடத்தையை மிக ஆழமாக வேரூன்றச் செய்யும் என்னும் பழைய உளவியல் உண்மையை நாமே நிரூபிக்கிறோம். துவைக்கத்தக்க ஓர் உறையை விரித்து, 'எப்போதும் ஏறலாம்' என முடிவெடுப்பதும் நேர்மையான தீர்வுதான். அது நாய்க்கும் புரியும்.

கண்காணிப்பு இருக்கும்வரை மட்டுமே நிற்கும் ஒழுங்கைக் கண்டு கல்விப்புலத்தில் இருப்பவர்கள் வியப்படையத் தேவையில்லை; வருகைப்பதிவேடும் தேர்வறை மேற்பார்வையும் நமக்குப் பழக்கமானவை. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. மாணவரிடம் காரணத்தை விளக்கலாம். அவர் மறுத்து வாதிடலாம். நாயிடம் இரண்டுக்கும் வழியில்லை. விளக்க முடியாத ஒரு விதியை வைத்துக்கொண்டு அதை மீறியதாகக் குற்றம் சாட்டுவது நியாயமன்று. காலையில் அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கிளம்புவது நாயின் பொறுப்பில் இல்லை. நம் பொறுப்பில் இருக்கிறது. மாற்றுக் கருத்து உடையவர்கள், குறிப்பாக விலங்கு நடத்தையியலில் ஆய்வு செய்பவர்கள், கீழே எழுதுங்கள்.