களம் நீங்கும் காலம்

களத்தில் இறங்குவது எவ்வாறு என்று கற்பிப்போர் பலர் உளர். களம் நீங்குவது எப்போது என்று கற்பிப்போரோ மிகச் சிலர். வள்ளுவப் பெருந்தகை காலமறிதலுக்கெனத் தனியோர் அதிகாரம் வகுத்தார். அக்காலம் ஒரு வினையைத் தொடங்குதற்குரிய காலமே என்று கொள்வார் பலர். விடுதற்கும் ஒரு காலம் உண்டென்பதே எம் துணிபு. முதுமை நெருங்கக் காயமும் உடலில் தங்கிவிட்ட ஒரு பெருவீரன் எப்போது ஓய்வு பெறல் வேண்டும்? கல்லூரி விழா மலருக்கு இவ்வினா பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். விளையாட்டும் கல்வியின் ஓர் அங்கமாதலின் பொருந்தும் என்றே கருதுகின்றோம்.

கூடைப்பந்தாட்ட உலகில் கோபி பிறையன்றின் பெயரை அறியாதார் இலர். 1996ஆம் ஆண்டு தொடங்கி இருபது பருவங்கள் லொஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் என்னும் ஒரே அணிக்கு ஆடி, ஐந்து முறை அதற்கு வாகை சூட்டியவர் அவர். 2013 ஏப்ரலில் அவருடைய குதிகால் தசைநாண் அறுந்தது. அந்நிலையிலும் தமக்குரிய இரண்டு எறிகளையும் கூடையில் இட்டுவிட்டே அவர் களம் நீங்கினார். அவ்வாண்டு இறுதியில் முழங்காலில் எலும்பு முறிவும், 2015 தொடக்கத்தில் தோள்மூட்டுக் காயமும் அடுத்தடுத்து வந்தன. எனினும் மீண்டும் ஆடினார். 2016 ஏப்ரல் 13ஆம் நாள், தம் முப்பத்தேழாம் வயதில், இறுதி ஆட்டத்தில் 60 புள்ளிகள் பெற்று விடைகொண்டார்.

அந்த ஓர் இரவைச் சுட்டி, வீரன் விரும்பும்வரை ஆடட்டும் என்று வாதிடுவோர் உளர். அவர்கள் அப்பருவம் முழுவதையும் நோக்குவார்களாக. 82 ஆட்டங்களில் அவ்வணி வென்றவை 17; தோற்றவை 65. தன் வரலாற்றில் அதுகாறும் கண்டிராத வீழ்ச்சியை அவ்வணி கண்டது. ஓர் இரவின் விருந்து ஓராண்டுப் பசியைத் தீர்க்குமோ? 2020இல் விபத்தொன்றில் மறைந்த அவ்வீரரின் பெருமையைக் குறைத்தல் எம் நோக்கமன்று. அவருடைய மனவுறுதி போற்றுதற்குரியது. ஆயினும், மனம் உறுதியாய் இருத்தல் வேறு. உடல் இடங்கொடுத்தல் வேறு.

இனி, நம் நாட்டுக்கு வருவோம். 2010 ஜூலையில் காலியில் இந்திய அணியுடன் நிகழ்ந்த ரெஸ்ற் போட்டியே தம் இறுதிப் போட்டி என முத்தையா முரளிதரன் முன்கூட்டியே அறிவித்தார். அப்போது அவர் வீழ்த்தியிருந்த விக்கெற்றுகள் 792. எண்ணூறை எட்டிய பின்னர் ஓய்வு பெறுவேன் என்று அவர் கூறியிருப்பின் அவரைத் தடுப்பார் எவருமிலர். அவரோ நாளை முதலிற் குறித்தார். எண்ணைப் பின்னே விட்டார். முதல் இன்னிங்ஸில் ஐந்தும் இரண்டாவதில் மூன்றுமாக எட்டு விக்கெற்றுகள் வீழ்ந்து, எண்ணூறும் நிறைந்தது. நிறையாது போயிருப்பினும் அவர் முடிவு சிறந்த முடிவே என்போம்.

அவரே 2011ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டிகளின் பிற்பகுதியில் காயத்தோடு ஆடினார். கொழும்பில் நடந்த அரையிறுதியில், தாய்மண்ணில் தாம் வீசிய கடைசிப் பந்தில் விக்கெற் ஒன்றை வீழ்த்தினார். மும்பையில் நடந்த இறுதிப் போட்டியிலோ எட்டு ஓவர்கள் வீசியும் ஒரு விக்கெற்றேனும் கிட்டவில்லை. காயமுற்ற கால், முரளிதரனுடைய காலாயினும், காயமுற்ற காலே. இவ்வுண்மையை மறத்தல் ஆகாது.

ஒன்றை விட்டு மற்றொன்றைக் காப்பதும் அறிவுடைமையே. லசித் மாலிங்க முழங்கால் நோவின் பொருட்டு 2011இல், இருபத்தேழு வயதிலேயே ஐந்து நாள் ஆட்டத்தைத் துறந்தார். அதனால் 2019 வரை ஒருநாள் போட்டிகளில் நின்று ஆடினார். சீனத்து யாவோ மிங், பாதக் காயங்களால் முப்பதாம் வயதில் ஓய்வு பெற்றார். 2017இல் தம் நாட்டுக் கூடைப்பந்தாட்டச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். களம் நீங்குதல் வாழ்வின் முடிவன்று என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

ஆகவே, வயதொன்றே அளவுகோல் அன்று. யாம் கேட்பன மூன்று வினாக்கள். இன்னும் ஆடினால் நாளை நடப்பதற்கே இடர் நேருமோ? இவ்விடம் இன்றைய ஆற்றலால் கிடைத்ததோ, நேற்றைய புகழால் கிடைத்ததோ? அவ்விடத்துக்குத் தகுதியுடைய இளையோன் ஒருவன் வெளியே காத்திருக்கின்றானோ? முதலாவதற்கு மருத்துவரும், இரண்டாவதற்குத் தெரிவாளரும், மூன்றாவதற்கு வீரனது மனச்சான்றும் விடை கூறல் வேண்டும். மூன்றையும் கரவொலியிடம் ஒப்படைப்பது பெரும் பிழை.

இவ்வினாக்கள் நமக்கும் உரியன. கல்முனை சந்தாங்கேணி மைதானத்திலும், அக்கரைப்பற்று வரையுள்ள நம் ஊர்த் திடல்களிலும் தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே ஆடுகின்றனர். இங்கு ஆடுவோர்க்குக் கோடிப் பணம் இல்லை, காப்புறுதியும் அரிது. கரைவலை இழுப்போனுக்கும், வயலில் இறங்குவோனுக்கும், மருதமுனையில் தறி மிதிப்போனுக்கும் முழங்காலே முதல். கழகத்தின் மானம் என்றும் கல்லூரியின் கௌரவம் என்றும் கூறி, வீங்கிய காலுக்குக் கட்டுப்போட்டு ஒருவனைக் களத்தில் இறக்குவோர், அவனுடைய பிழைப்பையே பந்தயம் வைக்கின்றனர். மாணவனாயின் அக்குற்றம் இருமடங்காகும்.

ஆதலின், காயமுற்றவன் மருத்துவர் ஒப்புதலின்றி ஆடலாகாது என்பதைக் கல்லூரியும் கழகங்களும் விதியாக்கல் வேண்டும். மூத்த வீரரை ஓசையின்றி ஒதுக்காது, நாள் குறித்து, மாலையிட்டு, நன்றி கூறி வழியனுப்புதல் வேண்டும். வழியனுப்பிய மறுநாளே இளையோரைப் பயிற்றும் பொறுப்பை அவரிடம் அளித்தல் வேண்டும். போவதற்கோர் இடம் இல்லாமையினாலேயே பலர் போக மறுக்கின்றனர்.

பழைய மாணவர்க்கு ஒரு சொல். அரசாங்க ஊழியர்க்குச் சட்டம் வயதெல்லை வகுத்துள்ளது. விளையாட்டு வீரர்க்கும், சங்கங்களிற் பதவி வகிப்போர்க்கும் அத்தகைய எல்லை இல்லை. அவரவரே வகுத்துக்கொள்ளல் வேண்டும். இன்னும் சில காலம் இருந்திருக்கலாமே என்று பிறர் வருந்தும்போது செல்பவனே நிறைவோடு செல்கின்றான். இக்கல்லூரியின் மைந்தர் களம் புகும் துணிவோடு, களம் நீங்கும் தெளிவும் பெற்று விளங்குவாராக.