உயிரைக் காத்தது மரமா, மேடா?

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. காலை நேரம். கடல் பொங்கி ஊருக்குள் பாய்ந்தது. "சுனாமி" என்ற சொல்லை அன்றுதான் நம் ஜனங்கள் கேட்டார்கள். கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் மாண்டார்கள்.

உதவி குவிந்தது. அரிசி வந்தது, துணி வந்தது, பணமும் வந்தது. கொடுத்தவர்கள் நல்லவர்கள். ஆனால் ஒரு கேள்வி பாக்கி நின்றது.

இனிமேல் இப்படி உயிர் போகாமல் இருக்க என்ன செய்வது?

இதற்கு நல்ல மனசு மட்டும் போதாது. கணக்கும் வேண்டும்.

18 குப்பங்கள்

சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பரங்கிப்பேட்டை இருக்கிறது. அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் ஆராய்ச்சி நிலையம் உண்டு. அதைச் சேர்ந்த விஞ்ஞானிகள் கதிரேசனும் ராஜேந்திரனும் அந்தக் கரையில் 18 மீனவர் குப்பங்களை ஆராய்ந்தார்கள்.

குப்பம் கடலில் இருந்து எவ்வளவு தூரம்? எவ்வளவு மேடு? முன்னால் எவ்வளவு மரங்கள்? எத்தனை பேர் இறந்தார்கள்? எவ்வளவு சொத்து போயிற்று? எல்லாவற்றையும் கணக்கு எடுத்தார்கள்.

2005-ல் முடிவு வெளிவந்தது. மரம் அதிகம் உள்ள இடத்தில் சாவு குறைவு. தூரமும் மேடும் கூடக் கூட, அங்கேயும் சாவு குறைவு. ஜனங்கள் மனதில் பதிந்தது மரம்தான். "பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு உயிரைக் காத்தது" என்ற பேச்சு பரவியது.

மறு கணக்கு

2006-ல் கெர், பெயர்ட், காம்ப்பெல் என்ற மூன்று வெளிநாட்டு விஞ்ஞானிகள் அதே கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார்கள். ஒரே தூரம், ஒரே உயரம் உள்ள குப்பங்களை ஒப்பிட்டால், மரத்தால் வந்த வித்தியாசம் மிகச் சிறியது என்றார்கள். காத்தது பெரும்பாலும் தூரமும் மேடும்தான் என்பது அவர்கள் முடிவு.

இது எப்படி? பக்கத்து வீட்டுப் பையன் டியூஷனுக்குப் போனான், பாஸ் செய்தான். டியூஷன்தான் காரணமா? அவன் இரவெல்லாம் கண் விழித்துப் படித்தானே! அதைப் போலத்தான் இதுவும். காட்டுக்குப் பின்னால் இருக்கும் குப்பம் கடலை விட்டுத் தள்ளியும் இருக்கும்.

மற்ற விஞ்ஞானிகள் மரத்தின் பக்கம் பேசினார்கள். வாதம் நீண்டது.

மரம் வேண்டாமா?

வேண்டும். சுரபுன்னைக் காட்டில்தான் மீன் குஞ்சும் இறால் குஞ்சும் வளர்கின்றன. மீனவர் பிழைப்பு அதில் இருக்கிறது. ஆனால் மரத்தை நம்பிப் பள்ளத்தில் குடியிருப்பது ஆபத்து.

சுனாமிக்குப் பிறகு, கரையில் இருந்து 200 மீட்டருக்கு அப்பால் போகிறவர்களுக்கு அரசாங்கம் புது வீடு தர முன்வந்தது. தூரம் போனால் உயிருக்குப் பாதுகாப்புதான். ஆனால் படகும் வலையும் கரையில் கிடக்க, மீனவர் தூரத்தில் எப்படி இருப்பார்? ஆகவே, "எத்தனை வீடு கட்டினோம்?" என்று எண்ணினால் போதாது. "எத்தனை வீட்டில் அடுப்பு எரிகிறது?" என்றும் எண்ண வேண்டும்.

உங்கள் ஊர்ச் சங்கமும் உதவி செய்கிறதா? ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். உதவிக்கு முன்னால் நிலைமை என்ன, ஒரு வருஷம் கழித்து என்ன என்று எழுதுங்கள். உதவி பெறாத குடும்பங்களையும் பார்த்து எழுதுங்கள். அப்போதுதான் உங்கள் பணம் பலன் தந்ததா என்பது தெரியும்.