வீட்டுல கட்டுற எலெக்ட்ரிக் புல்லட்: செலவு 1.45 லட்சமா, 81 லட்சமா?



ஜூலை மாசம், ரிட்டர்ன் ஃபைலிங் சீசன். தி.நகர் ஆபீஸ்ல ஃபார்ம் 16-களுக்கு நடுவுல உட்கார்ந்திருந்தேன். மந்தைவெளியில இருந்து ஒரு தம்பி வந்தான். வயசு 27, ஐடி வேலை, கைக்கு மாசம் 62,000 வருது. லேப்டாப்பைத் திருப்பி ஒரு எக்செல் ஷீட்டைக் காட்டினான்.

"அண்ணா, ரிட்டர்ன் இருக்கட்டும். முதல்ல இதைப் பாருங்க. வீட்டுலயே ஒரு எலெக்ட்ரிக் புல்லட் கட்டப் போறேன். பழைய லுக், ஸ்போக் வீல், ஸ்பிரிங் சீட், எல்லாமே. பெட்ரோல் மட்டும் கிடையாது."

எனக்கும் ஆசையா இருந்துச்சு, மறைக்க விரும்பல. சென்னைக்காரனுக்கு புல்லட்னா சொந்த ஊர் சமாச்சாரம். 1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தோட ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து ஆரம்பிச்ச கம்பெனி, திருவொற்றியூர் ஆலை, அங்கிருந்துதான் நம்ம அப்பா, தாத்தா காலத்து வண்டிகள் வந்தது. இப்போ அதே ராயல் என்ஃபீல்டு, இரண்டாம் உலகப் போர்ல பாராசூட்ல இறக்கின குட்டி பைக்கோட பேரையே வச்சு, ஃப்ளையிங் ஃப்ளீ சி6-னு பழைய லுக்ல ஒரு எலெக்ட்ரிக் பைக்கை 2024 நவம்பர்ல மிலான் கண்காட்சியில காட்டிச்சு. பார்த்த யாருக்கும் "நாமளே ஒண்ணு பண்ணா என்ன?"னு தோணத்தான் செய்யும்.

சரி, ஷீட்டுக்கு வருவோம். தம்பி போட்டிருந்த கணக்கு இது:

- பழைய பைக் ஃபிரேம், ஃபோர்க், டேங்க் (புதுப்பேட்டை): 28,000
- ஹப் மோட்டார், கன்ட்ரோலர்: 34,000
- 72 வோல்ட் 40 ஏஹெச் எல்எஃப்பி பேட்டரி, பிஎம்எஸ்: 52,000
- சார்ஜர், டிசி கன்வெர்ட்டர், வயரிங்: 11,000
- வெல்டிங், பெயிண்ட், குரோம், சீட்: 20,000

மொத்தம் 1,45,000. அதுக்குக் கீழே பச்சைக் கலர்ல ஒரு வரி: "பெட்ரோல் மிச்சம். சில வருஷத்துல போட்ட காசு திரும்பிடும்."

அந்தப் பச்சை வரியிலதான் முதல் தப்பு.

பெட்ரோல் மிச்சம்ங்கிற கதை

மந்தைவெளியில இருந்து தி.நகர் ஆபீஸ் போக வர ஒரு நாளைக்கு 12 கிலோமீட்டர். மாசம் 22 நாள்னா 264 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கொடுக்கிற வண்டிக்கு ஏறக்குறைய 6 லிட்டர், அதாவது 600 ரூபாய். அதே தூரத்துக்கு எலெக்ட்ரிக்ல சார்ஜிங் நஷ்டம் சேர்த்து 10, 11 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய்னு வச்சாலும் 90 ரூபாய்க்குள்ள முடிஞ்சிடும். ஆக, மிச்சம் மாசம் 500 ரூபாய். வருஷத்துக்கு 6,000.

இப்போ செலவுப் பக்கம். அவன் ஷீட்ல டூல்ஸே இல்ல. கிரைண்டர், டிரில், நல்ல மல்டிமீட்டர், கிரிம்பிங் டூல் எல்லாம் ஒரு 15,000. அப்புறம், முதல் தடவை செய்யுறவன் தப்பு பண்ணாம இருக்கமாட்டான். எரிஞ்சுபோற கன்ட்ரோலர், அளவு மாறி வாங்கின ஸ்ப்ராக்கெட், ரெண்டு தடவை அடிக்கிற பெயிண்ட். அதுக்கு 20 சதவீதம், 29,000. மொத்தம் 1.89 லட்சம். இதை 6,000-ஆல வகுத்தா 31 வருஷத்துக்கு மேல வருது. அதுக்குள்ள பேட்டரியையே ரெண்டு மூணு தடவை மாத்தியிருப்பீங்க.

வரியிலயும் சலுகை எதுவும் இல்ல. "80இஇபி-ல கழிக்கலாமாண்ணா?"னு கேட்டான். அந்தப் பிரிவு 2019 ஏப்ரல் 1-லேர்ந்து 2023 மார்ச் 31 வரைக்கும் அனுமதியான ஈவி லோனோட வட்டிக்கு மட்டும்தான். புது வரி முறையில அதுவும் கிடையாது. முழு ஈவியா வாங்கினா ஜிஎஸ்டி 5 சதவீதம். லித்தியம் பேட்டரியைத் தனியா வாங்கினா 18. நாளைக்கு நஷ்டத்துக்கு வித்தா அந்த நஷ்டத்தை வேற லாபத்தோட கழிக்கவும் முடியாது, ஏன்னா சொந்த உபயோக வண்டி வருமான வரிச் சட்டத்துல மூலதனச் சொத்தே கிடையாது.

அதனால இதை முதலீடுன்னோ சேமிப்புன்னோ சொல்லாதீங்க. இது ஹாபி. ஹாபின்னா செலவு. செலவுன்னு ஒத்துக்கிட்டா பாதிப் பிரச்சினை தீர்ந்துடும்.

"அந்தக் காசை எஸ்ஐபி-ல போடலாமே?"

என்னை மாதிரி ஆளுங்க வழக்கமா சொல்ற பதில் இதுதான். 1.9 லட்சத்துக்கு வருஷம் 12 சதவீதம் கிடைச்சா 20 வருஷத்துல 18 லட்சம். கணக்கு சரி. ஆனா இந்தக் கணக்கை வச்சு யாரையும் எதையும் செய்ய விடாம பண்ணலாம். கல்யாண ஃபோட்டோகிராஃபரையும் நிறுத்தலாம், அம்மாவைக் காசி கூட்டிட்டுப் போறதையும் நிறுத்தலாம். நான் அந்தக் கட்சி இல்ல.

வாரம் அஞ்சு நாள் ஸ்க்ரீனைப் பார்க்கிற ஒருத்தன், சனிக்கிழமை கையில கிரீஸோட உட்கார்ந்து ஒரு சாமானைக் கழட்டி மாட்டக் கத்துக்கிறது நல்ல விஷயம். வருஷத்துக்கு ரெண்டு தடவை ஃபோன் மாத்துறதை விடவும், மாசாமாசம் மால்ல கரையுற காசை விடவும் எவ்வளவோ மேல். தம்பிக்கு ஆறு மாச எமர்ஜென்சி ஃபண்ட் இருக்கு, ஹெல்த் இன்ஷூரன்ஸ் இருக்கு, எஸ்ஐபி ஓடுது. அவனைத் தடுக்க எனக்கு நிதிக் காரணம் எதுவும் இல்ல.

ஒரே ஒரு வரியைத் தவிர. ஷீட்ல கடைசியா, சின்ன எழுத்துல: "பயன்பாடு: தினமும் ஆபீஸ்."

81 லட்சம் எங்கேர்ந்து வருது?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, ஆர்சி-யில இருக்கிற, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதி பண்ணிடுச்சு. பெட்ரோல் வண்டியை பேட்டரிக்கு மாத்த சட்டத்துலயே வழி இருக்கு. ஆனா அது டெஸ்டிங் ஏஜென்சி அங்கீகரிச்ச கிட்டா இருக்கணும், முறைப்படி பொருத்தி ஆர்டிஓ-ல ஆர்சி-யை மாத்தணும். ரிச்சி ஸ்ட்ரீட்ல செல்லும் ஆன்லைன்ல மோட்டாரும் வாங்கி வீட்டுல சேர்த்தது அந்தக் கணக்குல வராது.

"25 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே, 250 வாட்டுக்குக் கீழே இருந்தா ரெஜிஸ்ட்ரேஷன் வேண்டாமே"ன்னு சிலர் சொல்வாங்க. அதுக்கும் டெஸ்டிங் ஏஜென்சி சான்று வேணும். புல்லட் ஃபிரேம்ல 250 வாட் மோட்டார் போட்டா மயிலாப்பூர் தேரே முன்னாடி போயிடும்.

அபராதமும் இருக்கு. அனுமதியில்லாம மாத்தினா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அல்லது ஆறு மாசம் வரை சிறை, இல்ல ரெண்டும். ரெஜிஸ்ட்ரேஷன் இல்லாம ஓட்டினா முதல் தடவை 5,000 வரைக்கும். இன்ஷூரன்ஸ் இல்லாம ஓட்டினா முதல் தடவை 2,000 அல்லது மூணு மாசம் வரை சிறை, இல்ல ரெண்டும். பசங்க இந்த நம்பரைப் பார்த்துட்டு, "மாட்டினா கட்டிடலாம்"னு நினைக்கிறாங்க.

நான் பயப்படுறது அபராதத்துக்கு இல்ல. ஒரு நாள் சாயந்தரம் ஆர்.கே. மடம் ரோட்டுல ஒருத்தர் திடீர்னு குறுக்கே வர்றார். உங்க வண்டி நிக்கல. அவர் உயிர் போயிடுது. சொல்லவே கஷ்டமா இருக்கு, ஆனா இந்தக் கணக்கைப் போட்டே ஆகணும்.

அவருக்கு 30 வயசு, நிரந்தர வேலை, மாசம் 40,000 சம்பளம், வீட்டுல மனைவி, குழந்தை, அம்மா. உச்ச நீதிமன்றம் 2009 சர்லா வர்மா வழக்குலயும் 2017 பிரணய் சேத்தி வழக்குலயும் வகுத்த முறைப்படி இழப்பீடு இப்படி வரும்:

- வருஷ வருமானம்: 4.8 லட்சம்
- எதிர்கால வளர்ச்சிக்கு 50 சதவீதம் கூட்டினா: 7.2 லட்சம்
- அவரோட சொந்தச் செலவுக்கு மூணுல ஒரு பங்கு கழிச்சா: 4.8 லட்சம்
- 30 வயசுக்கான பெருக்கல் எண் 17: மொத்தம் 81.6 லட்சம்

இதுக்கு மேல ஈமச் செலவு மாதிரி மத்த தலைப்புகளும் வட்டியும் வரும்.

உங்ககிட்ட கம்பெனி வண்டியும் செல்லுபடியாகுற தேர்ட் பார்ட்டி பாலிசியும் இருந்தா, இதை இன்ஷூரன்ஸ் கம்பெனி கட்டும். உயிரிழப்புக்கும் காயத்துக்கும் அங்கே உச்சவரம்பு கிடையாது. அதனாலதான் அந்தச் சின்ன பிரீமியத்தை நான் இந்தியாவுலயே மலிவான பாதுகாப்புன்னு சொல்வேன். பாலிசியே இல்லாத வண்டின்னா முழுசும் உங்க தலையில. பழைய பெட்ரோல் ஆர்சி-யில பாலிசி எடுத்து வச்சிருந்தாலும், வண்டி வேறயா இருந்தா மறுக்கிறதுக்கு கம்பெனிக்கு வலுவான காரணம் கிடைச்சிடும். கோர்ட் முதல்ல அவங்களைக் கட்டச் சொன்னாலும், அப்புறம் உங்ககிட்ட வசூல் பண்ணிக்க உரிமை கொடுக்கலாம். உங்க டேர்ம் இன்ஷூரன்ஸ் இதுக்கு உதவாது. எஸ்ஐபி, பேர்ல இருக்கிற ஃப்ளாட், சம்பளம் எல்லாம் வசூலுக்கு வரும்.

பணத்தைத் தாண்டி இன்னொண்ணும் இருக்கு. அந்தக் குடும்பத்துக்கு யார் கொடுப்பா? 62,000 சம்பளக்காரன் 81 லட்சம் கொடுக்க முடியாதுன்னா, நஷ்டம் அந்தக் குழந்தைக்குத்தான். தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் நமக்காக மட்டும் எடுக்கிறது இல்ல, ரோட்டுல போற முகம் தெரியாத ஆளுக்காகவும்தான்.

இன்னொரு ரிஸ்க்: வீட்டுக்குள்ள

2022 மார்ச்ல வேலூர்ல ராத்திரி சார்ஜ்ல போட்டிருந்த எலெக்ட்ரிக் வண்டி தீப்பிடிச்சு, புகையில அப்பாவும் 13 வயசுப் பொண்ணும் இறந்துபோனாங்க. அந்த வருஷம் நடந்த தொடர் தீ விபத்துகளுக்கு அப்புறம்தான் பேட்டரிக்கான ஏஐஎஸ்-156 விதிகளை அரசு கடுமையாக்கிச்சு. வீட்டுல சேர்த்த பேக்குக்கு அந்தச் சோதனை எதுவும் நடக்காது. எல்எஃப்பி செல் மத்த லித்தியம் வகையை விட சூட்டைத் தாங்கும், தம்பி அதைத் தேர்ந்தெடுத்தது சரி. ஆனா தளர்வான ஒரு கனெக்ஷனுக்கு எந்த செல்லும் பதில் சொல்லாது. ஹால்லயோ மாடிப்படிக்குக் கீழேயோ, தூங்குற நேரத்துலயோ சார்ஜ் போடாதீங்க. மந்தைவெளி, மயிலாப்பூர் பக்கம் பல ஃப்ளாட்டுக்கு இறங்க ஒரே படிதான். அங்கே தீ வந்தா மேல் மாடிக்காரங்களும் மாட்டிக்குவாங்க.

நான் அவனுக்குச் சொன்னது

1. கட்டு. ஆனா "தினமும் ஆபீஸ்"ங்கிற வரியை அழிச்சிடு. இது ரோட்டுக்கான வண்டி இல்ல. உரிமையாளர் அனுமதியோட, பொதுமக்கள் நுழைய முடியாத தனியார் இடத்துல ஓட்டு. காலங்காத்தால அஞ்சு மணிக்கு ஆள் இல்லாத பெசன்ட் நகர் பீச் ரோடும் சட்டப்படி பொது இடம்தான்.

2. ரோட்டுல எலெக்ட்ரிக்தான் வேணும்னா, அங்கீகரிச்ச கிட் போட்டு ஆர்சி-யை மாத்து. இல்ல கம்பெனி வண்டி வாங்கு. சென்னையிலேயே உருவான ராப்டீ டி30 பைக் 2024 அக்டோபர்ல 2.39 லட்சம் எக்ஸ்-ஷோரூம் விலையில அறிமுகமாச்சு. உன்னோட நிஜ செலவு 1.89 லட்சம். அந்த 50,000 வித்தியாசத்துக்கு ஆர்சி, வாரண்டி, இன்ஷூரன்ஸ் எடுக்கிற தகுதி எல்லாம் கிடைக்குது.

3. லோன் வேண்டாம், கிரெடிட் கார்டு ஈஎம்ஐ வேண்டாம். தனி சேவிங்ஸ் அக்கவுன்ட்ல மாசம் 12,000 போடு. 16 மாசத்துல முழுத் தொகை வந்துடும். எஸ்ஐபி-யைத் தொடாதே.

4. பேட்டரியைக் கடைசியா வாங்கு. ஃபிரேம் முடியுறதுக்கு முன்னாடியே வாங்கி வச்சா சும்மா கிடந்தே வயசாகும். பாதியில ஆர்வம் போனாலும் 52,000 தப்பிக்கும்.

5. 1.9 லட்சம் தாண்டினா நிறுத்து. ஏற்கெனவே போட்ட காசுக்காக இன்னும் காசு போடாதே.

கேட்டுட்டு கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். அப்புறம், "ரோட்டுல ஓட்ட முடியலன்னா எதுக்குண்ணா கட்டணும்?"னான்.

நல்ல கேள்வி. "அதுக்கு நீதான் பதில் சொல்லணும் தம்பி. செய்யுறது பிடிச்சிருந்தா கட்டு. ஊர் பார்க்கணும்னுதான் ஆசைன்னா, கம்பெனி வண்டி வாங்கு, செலவு கம்மி"ன்னு சொன்னேன்.

ரெண்டு வாரம் கழிச்சு வாட்ஸ்அப்ல ஒரு ஃபோட்டோ வந்துச்சு. வீட்டு போர்ட்டிகோவுல துருப்பிடிச்ச ஒரு ஃபிரேம், பக்கத்துல சாண்ட் பேப்பர். கூடவே புது எக்செல் ஷீட். பச்சை வரியும் இல்ல, ஆபீஸ் வரியும் இல்ல. மேலே தலைப்பு மட்டும் மாறியிருந்துச்சு: "ஹாபி செலவு."

உங்க ஹாபிக்கு மாசம் எவ்வளவு ஒதுக்குறீங்க? அதுல எழுதாம விட்ட வரி எது? கமெண்ட்ல சொல்லுங்க. தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் பத்தி தனி வீடியோ வேணும்னாலும் கேளுங்க, சேனல்ல போடுறேன். அதுக்கு முன்னாடி ஒரு வேலை: இப்பவே உங்க வண்டி பாலிசி என்னைக்கு முடியுதுன்னு எடுத்துப் பாருங்க.