பெயர் மட்டும் போதுமா?

பெயரைக் கேட்டதுமே ஆளின் திறமையை அறிந்துவிட்டதாக எண்ணுவோர் உண்டு. லினக்ஸ் கெர்னலில் நார் வகை ஃபிளாஷ் சிப்பைக் கையாளும் டிரைவர் நிரலும் நெடுநாள் அப்படித்தான் இருந்தது. சிப்பிடம் அடையாள எண்ணைக் கேட்கும். தன் பட்டியலில் தேடும். கொள்ளளவு இன்னது, கட்டளைகள் இன்னவை என்று முடிவு கட்டிவிடும்.

இது போதாது என்பேன். மேக்ரோனிக்ஸ் நிறுவனம் எம்எக்ஸ்25எல்25635 என்னும் 32 மெகாபைட் சிப்பின் ‘இ’, ‘எஃப்’ ஆகிய இரு வகைகளுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டது. 3 பைட் முகவரி 16 மெகாபைட் வரைதான் எட்டும். அதற்கப்பால் செல்ல ‘எஃப்’ வகையில் தனிக் கட்டளைகள் உண்டு. ‘இ’ வகையிலோ சிப்பையே 4 பைட் நிலைக்கு மாற்றிவைக்க வேண்டும். அந்நிலையில் இயந்திரம் திடீரென மீண்டும் துவங்கினால், துவக்க நிரல் 3 பைட் முகவரி அனுப்பும்; சிப் நான்காவது பைட்டுக்குக் காத்திருக்கும்; இயந்திரம் எழாமலே போகலாம். அடையாளக் குழப்பம் சிறு விஷயமன்று!

சிப் தன் திறன்களைத் தானே கூறும் அட்டவணைக்கு 2011இல் ஜெடெக் அமைப்பு விதி வகுத்தது. 2017இல் லினக்ஸ் டிரைவர் அதைப் படிக்கக் கற்றது. நான்கு கம்பிகளிலும் கட்டளை பெறும் வேகமுறை தனக்குண்டு என்று ‘எஃப்’ அதில் சொல்கிறது. அதைக் கொண்டே டிரைவர் அதனைப் பிரித்தறிகிறது.

அப்படியாயின் பழைய பட்டியலை எறிந்துவிடலாமே எனலாம். நான் உடன்படேன். அட்டவணையிலும் பிழையுள்ள சிப்புகள் உண்டு. அவற்றுக்கான திருத்தங்களைக் கெர்னலில் கையால் எழுதி வைத்திருக்கிறார்கள். புதிதாக ஓர் எண் கொடுப்பதில் சிக்கனம் பிடித்தது உற்பத்தியாளர். உழைப்பு மட்டும் நிரல் எழுதுவோருக்கா?