சட்டப் புத்தகத்தில் தடை! வீட்டுப் பெட்டியில் ராசி பலன்!!

நம் நாட்டில் டெலிவிஷன் கம்பெனிகளைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் இருக்கின்றது. கேபிள் டெலிவிஷன் ஒழுங்குமுறைச் சட்டம் என்று அதற்குப் பெயர், வருஷம் 1995. அதையொட்டி அமுலிலிருக்கும் 1994ம் வருஷத்து விதிகளில் 6வது விதி, எந்தெந்த நிகழ்ச்சிகளைக் காட்டக் கூடாது என்று பட்டியல் போடுகின்றது. மூடநம்பிக்கையையும் குருட்டு நம்பிக்கையையும் வளர்க்கும் நிகழ்ச்சி கூடாது என்பது அதிலொன்று. 7வது விதியோ, நிரூபிக்க முடியாத அற்புத சக்தி ஒரு சரக்குக்கு இருப்பதாக ஜனங்கள் நினைக்கும்படி விளம்பரம் செய்யக் கூடாது என்கின்றது. செயற்கைக்கோள் வழியாக வரும் சானல்களும் இவ்விதிகளுக்குக் கட்டுப்படுவதாக ஒப்புக்கொண்டுதான் அனுமதி வாங்குகின்றன.

இவற்றைச் சுயமரியாதைக்காரர்கள் எழுதி வைக்கவில்லை. டில்லி சர்க்கார் எழுதி வைத்தது. எழுதி 30 வருஷங்களுக்கு மேலாகிவிட்டது. அந்த விதி உயிரோடு இருக்கின்றதா, செத்துவிட்டதா என்றுதான் நாம் கேட்கின்றோம்.

தஞ்சை ஜில்லா விவசாயி விடியற்காலையில் பெட்டியைத் திருப்புகின்றான். மேட்டூரில் தண்ணீர் எத்தனை அடி, மழை உண்டா, கொள்முதல் நிலையத்தில் கொட்டி வைத்த நெல் நனையுமா என்பது அவன் கவலை. பெட்டியில் வருவதோ மேஷத்துக்குத் தன லாபம், ரிஷபத்துக்கு வாகன யோகம்! அடுத்தாற்போல் ராசிக்கல், அதிர்ஷ்டத் தகடு, கண் திருஷ்டிக்குக் கயிறு. நவக்கிரகக் கோயில்கள் ஒன்பதும் இந்தக் காவிரிப் பாசனப் பூமியிலேயே அமைந்துவிட்டபடியால், ஆலங்குடிக்குக் குருப் பெயர்ச்சி, திருநள்ளாற்றுக்குச் சனிப் பெயர்ச்சி என்று நேரடி ஒளிபரப்பு வேறு. ராகு, கேது என்று வானத்தில் கிரகமே கிடையாது. இல்லாத கிரகத்துக்கும் பரிகாரம், அதற்கும் கட்டணம்!

இதிலே ஒரு வேடிக்கையைப் பாருங்கள். திருநள்ளாற்றுக்கு மேலே போகும் செயற்கைக்கோள்கள் மூன்று வினாடி ஸ்தம்பித்து நிற்கின்றன, அமெரிக்க நாசாவே திகைத்துப் போயிற்று என்று ஒரு புளுகு வருஷக்கணக்காக உலவுகின்றது. டெலிவிஷனுக்கு நிகழ்ச்சி அனுப்பும் செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமியின் சுழற்சிக்கு ஒத்துச் சுற்றுகின்றன. திருநள்ளாறோ அந்த ரேகைக்கு வடக்கே சுமார் 11 டிகிரி தள்ளி இருக்கின்றது. அதன் தலைக்கு மேல் அவை வருவதே இல்லை. தாழச் சுற்றும் மற்றவையோ வினாடிக்கு 7 கிலோமீட்டருக்கு மேல் ஓடுவதால்தான் விழாமலிருக்கின்றன. நின்றால் விழ வேண்டியதுதான். விஞ்ஞானி கணக்குப் போட்டு ஏற்றிய கோளின் மேலேயே சனி பகவானை உட்கார வைக்கும் துணிச்சலை என்னவென்பது?

நிற்க, சர்க்காருக்குச் சட்டத்தைப் பிரயோகிக்கத் தெரியாது என்று யாரும் எண்ண வேண்டாம். பணமும் பதவியும் சம்பந்தப்பட்டால் நன்றாகத் தெரியும். 2007ல் தமிழ்நாடு அரசு கேபிள் டி.வி. கார்ப்பரேஷன் தோன்றிற்று, நம் தஞ்சாவூரிலும் அதற்குக் கட்டுப்பாட்டு நிலையம் வைத்தார்கள். ஆளுங் குடும்பத்துக்கும் சன் குழுமத்தாருக்கும் பிணக்கு வந்த வருஷம் அது. 2008 கடைசியில் பிணக்குத் தீர்ந்தது, கார்ப்பரேஷனும் தூங்கிற்று. 2011ல் ஆட்சி மாறியதும் மாதம் 70 ரூபாய் என்று விழித்துக்கொண்டது. டில்லியோ, அதற்கு டிஜிட்டல் லைசென்ஸை 2017 வரை இழுத்தடித்தது. 2022ல் கேரளத்து மீடியாஒன் செய்திச் சானலுக்கு, தேசப் பாதுகாப்பு என்று சொல்லி, அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தார்கள். 2023 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் அந்த உத்தரவை ரத்துச் செய்தது. செய்தி சொல்லுகிறவனை நிறுத்த இத்தனை வேகம்! தகடு விற்கிறவனிடம் மட்டும் இத்தனை சாந்தமா?

“இது மத சுதந்திரம்” என்பார்கள். கோயிலுக்குப் போகிறவனை நாம் தடுக்கவில்லை. ஆனால் காற்றலைகள் பொதுச் சொத்து என்று சுப்ரீம் கோர்ட் 1995லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. பொதுச் சொத்தில் கடை விரிப்பவன் பொய்ச் சரக்கு விற்கலாமா என்பதே கேள்வி. “நிலையத்தார் பொறுப்பல்ல” என்று அடியிலே பொடி எழுத்தில் போடுகிறார்களே என்பார்கள். அரிசியில் கல்லைக் கலந்து விற்றுவிட்டு, மூட்டையின் மேல் “கல்லுக்கு நாம் பொறுப்பல்ல” என்று எழுதி வைத்தால் விட்டுவிடுவோமா?

இன்னொன்றும் சொல்லிவிடுகின்றோம். வாய்ப்பூட்டு நமக்கு வேண்டியதில்லை. 1933ல் “குடி அரசு” தலையங்கத்துக்காகப் பெரியார் ராஜத்துவேஷ வழக்கில் சிறை சென்றதை நாம் மறக்கவில்லை. ஜோசியன் தாராளமாகப் பேசட்டும்; எதிரே ஒரு பகுத்தறிவுவாதியையும் உட்கார வைக்கட்டும். காசு வாங்கிக்கொண்டு, மறுப்பவன் இல்லாத இடத்தில், பொய்யை மெய்யென்று விற்பதைத்தான் போலி மருந்தைப் போல் பாவிக்க வேண்டுமென்கின்றோம்.

இது நடக்காத காரியமுமல்ல. 2021 ஜனவரியில் பம்பாய் ஹைகோர்ட்டின் அவுரங்காபாத் கிளை, அனுமான் பெயரால் விற்கப்பட்ட எந்திரத் தகட்டுக்கு டி.வி.யில் விளம்பரம் செய்வது சட்ட விரோதம் என்று தீர்ப்பளித்தது. அதற்குக் கை கொடுத்தது மகாராஷ்டிரத்தின் 2013ம் வருஷத்து மூடநம்பிக்கை எதிர்ப்புச் சட்டம். பெரியார் பிறந்த நாட்டுக்கும் அப்படியொரு சட்டம் வேண்டாமா?

அதுவரை கையிலுள்ள ஆயுதத்தை எடுங்கள், தோழர்களே! 2021ல் திருத்தப்பட்ட விதிப்படி, பார்க்கிறவர் யாராயினும் சானலுக்கே புகார் எழுதலாம். 24 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, 15 நாளில் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். பதில் திருப்தியில்லையானால், சானல்களின் சுய ஒழுங்குமுறை அமைப்புக்கு அப்பீல். அதற்கும் மேல் மத்திய சர்க்கார். சட்டத்தின் 19வது பிரிவு, விதிக்கு மாறான நிகழ்ச்சியைக் கேபிளில் அனுப்பாதே என்று உத்தரவிட ஜில்லா மாஜிஸ்திரேட்டுக்கே அதிகாரம் கொடுத்திருக்கின்றது. முன்பிருந்த சிறைத் தண்டனையை 2023ல் எடுத்துவிட்டு, எச்சரிக்கை, கண்டனம், அபராதம் என்று குறைத்துவிட்டார்கள் என்பது மெய்தான். அந்த அபராதத்தையாவது ஒருமுறை போட வைப்போம்.

சானல் பெயர், தேதி, நேரம், சொன்ன வாசகம் இந்நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். கும்பகோணத்திலிருந்து ஒருவர் எழுதினால் குப்பைக் கூடை. மன்னார்குடி, திருவாரூர், பட்டுக்கோட்டை, மாயவரம் என்று ஊருக்குப் பத்துப் பேர் எழுதினால், அதைக் கூடையில் போட எவருக்கும் தைரியம் வராது. மாதச் சந்தா கட்டுகிறவர்கள் நாம். அலை நம்முடையது. விதி எழுதப்பட்டுக் கிடக்கின்றது. அதைச் சனிப் பெயர்ச்சி வந்து எழுப்பாது; நாம்தான் எழுப்ப வேண்டும்.